லோட்டஸ் படக் கம்பெனியும் ஐதராபாத்தின் மறைந்த திரையரங்குகளும்

இந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதியோர் ஐதராபாத் நகரத்தைப் பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே குறிப்பிடுவர். 1922 முதல் 1924 வரை அங்கு இயங்கிய லோட்டஸ் படக் கம்பெனியைப் பற்றி ஒரு பத்தி வரும். பின்னர், 1956இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்தபின் தெலுங்குப் படவுலகம் சென்னையிலிருந்து சிறிது சிறிதாக அங்குக் குடிபெயர்ந்த செய்தி வரும். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் அந்நகரம் படம் பார்க்கும் ஊராகவே பேசப்படுகிறது. படம் எடுக்கும் ஊராக அன்று. முதலில் வரும் அந்த ஒரு பத்திக்குள் ஒரு படப்பிடிப்புக் கூடமும், படச்சுருள் கழுவும் கூடமும், இரண்டு திரையரங்குகளும், எட்டுக்குக் குறையாத மௌனப்படங்களும், ஒரு வெளியேற்ற ஆணையும் அடங்கியுள்ளன. அவற்றுள் ஆணையின் விளைவு மட்டுமே நிலைத்தது. பிற யாவும் மறைந்தன.

தமிழ் வாசகர்க்கு இச்செய்தியில் அக்கறை ஏன் என்னும் வினா எழலாம். 1930களிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிப் படங்களுக்கும் சென்னையே தாயகமாக விளங்கியது. தெலுங்கு பேசுவோர் பெருந்தொகையினராக வாழ்ந்த ஒரு சமஸ்தானத்தின் தலைநகர், சென்னைக்கு முன்பே எல்லா உறுப்புகளும் கூடிய படக் கம்பெனி ஒன்றைப் பெற்றிருந்தும், அந்த இடத்தை ஏன் பிடிக்கவில்லை? 1924ஆம் ஆண்டின் ஆணையே அதற்குக் காரணம் என்று கூறிவிட எவருக்கும் ஆசை தோன்றும். அது பாதி உண்மையே என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

மூன்று ஆட்சிகள் நிலவிய நகரம்

லோட்டஸ் கம்பெனி தோன்றிய காலத்து ஐதராபாத் ஒரே நகரம் போலத் தோற்றமளித்தாலும் ஆட்சியுரிமையால் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. மூசி ஆற்றின் இரு கரையிலும் பரந்திருந்த நகரம் நிஜாமின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஆற்றின் வடகரையில் ஆங்கிலேயப் பிரதிநிதியின் மாளிகையைச் சூழ்ந்த கடைத்தெருக்கள் ஆங்கில ஆட்சியுரிமையின்கீழ் இருந்து 1933இல் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. உசேன் சாகர் ஏரிக்கு அப்பால், 1806இல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த செகந்திராபாத் ஆங்கிலேயரின் பாளைய நகரம். அதில் பாளையத்துக்குப் புறம்பான பகுதி நிஜாம் அரசின் கைக்கு மீண்டது 1945இல்தான். ஓரிடத்தில் விலக்கப்பட்ட செயல் சில கல் தொலைவில் விலக்கப்படாதிருக்கக்கூடிய நிலை இதனால் உண்டாயிற்று. அந்நகரத்தின் எந்தக் கலை நிறுவனத்தின் வரலாற்றை ஆராய்வோரும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மொழி நிலையும் இதுபோலவே சிக்கலானது. 1884 முதல் ஆட்சிமொழி உருது. 1918இல் நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உயர்கல்வியையும் உருதுவிலேயே கற்பித்தது. நாட்டுப்புறத்தே மக்களிற் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தெலுங்கர். மேற்கே மராத்தியரும் தென்மேற்கே கன்னடியரும் வாழ்ந்தனர். செகந்திராபாத்தில் சென்னைப் படைப்பிரிவுகளுடன் வந்து தங்கிய தமிழர் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தனர். அங்கு 1862இல் தோன்றிய மகபூப் கல்லூரி சோமசுந்தர முதலியார் நிறுவியது. விவேகானந்தர் சிகாகோ செல்லுமுன் 1893 பிப்ரவரியில் சொற்பொழிவாற்றிய இடமும் அதுவே. இத்தகைய பன்மொழி நகரத்துக்கு மௌனப்படம் மிகப் பொருந்திய கலை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காட்சிகளுக்கிடையே காட்டும் எழுத்துகளைப் பல மொழிகளில் எழுதிவிடலாம். எழுத்தறியாதார்க்குக் கொட்டகையிலேயே ஒருவர் உரத்துப் படித்து விளக்கிவிடுவார். தமிழ்நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது.

1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 இலட்சம். 1920இல் உசேன் சாகர்க் கரையில் அனல்மின் நிலையம் அமைக்கப்பட்டது. திரைப்படத் தொழிலுக்கு மின்சாரம் எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் கோயம்புத்தூர் சான்று. 1914இல் அங்கே வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் தம் அரங்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே எந்திரம் வைத்து ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. ஐதராபாத்தில் 1922இல் தொழில் தொடங்கியவர்க்கு அரசின் மின் நிலையம் கண்ணெதிரே இருந்தது.

கங்கூலி வந்த வழி

லோட்டஸ் கம்பெனியை நிறுவியவர் தீரேந்திரநாத் கங்கூலி. வங்கப் படவுலகில் டி.ஜி. என்னும் இரண்டெழுத்தால் அறியப்பட்டவர். 1893இல் கல்கத்தாவில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, ஓவியத்தில் தேர்ந்து, ஐதராபாத் சமஸ்தானத்தின் ஓவியப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். எனவே 1922இல் அவர் அந்நகருக்கு வந்தது புதிய ஊருக்கு வந்ததாகாது; தாம் முன்பு வேலை பார்த்த ஊருக்குத் திரும்பியதாகும்.

ஒப்பனையே அவருடைய முதற்கலை. பலவகை மாந்தராகத் தாமே வேடமிட்டு எடுத்துக்கொண்ட ஒளிப்படங்களைத் தொகுத்து 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆண், பெண், முதியோர், இளையோர் என எல்லாம் ஒரே முகத்தின் வேறுபாடுகள். மெய்ப்பாடுகளைப் படமாக்கிக் காட்டிய அந்நூலே அவரைத் திரைப்படத்துக்கு அழைத்துச் சென்றது எனலாம். 1918இல் நித்தீஷ் லாகிரி முதலியோருடன் சேர்ந்து கல்கத்தாவில் இந்தோ-பிரிட்டிஷ் படக் கம்பெனியைத் தொடங்கினார். பெயரில் பிரிட்டன் இருந்ததேயன்றி முதலும் உழைப்பும் வங்காளியருடையனவே. 1921இல் வெளிவந்த ‘பிலாத் பேரத்’, சீமையிலிருந்து திரும்பிய இளைஞனையும் அவனைக் கண்டு திகைக்கும் பழைமைவாதிகளையும் ஒருங்கே எள்ளி நகைத்தது. புராணக் கதைகளே திரையை ஆண்ட காலத்தில் சமகாலச் சமூகத்தை நகைப்புக்கு உள்ளாக்கியது துணிவான செயலே.

அப்படம் வெற்றி பெற்றும் கல்கத்தாவில் அவரால் நிலைக்க முடியவில்லை. இதற்கு விளக்கம் தேடுவோர் அக்காலத் திரையரங்குகளின் உடைமையை நோக்குதல் வேண்டும். கல்கத்தாவில் ஜே. எப். மதன் கட்டியெழுப்பிய நிறுவனம் 1920களில் இந்தியா, பர்மா, இலங்கை எங்கும் 100க்கு மேற்பட்ட அரங்குகளைத் தன் பிடியில் வைத்திருந்தது. படத்தையும் அதுவே எடுத்தது, அரங்கும் அதனுடையதே. சிறு கம்பெனி எடுக்கும் படம் எந்தத் திரையில் எத்தனை நாள் ஓடும் என்பது அதனிடம் போட்டியாளராக இருந்தவர் முடிவு செய்யும் செய்தியாயிற்று. 1922இல் இந்தோ-பிரிட்டிஷ் கம்பெனி கலைந்தபோது கங்கூலி கற்றுக்கொண்ட பாடம் யாதாக இருக்கும் என்பதை ஐதராபாத்தில் அவர் செய்த ஏற்பாடே புலப்படுத்துகிறது. நிஜாம் அரசின் ஆதரவோடு அவர் அமைத்த லோட்டஸ் கம்பெனி படம் எடுப்பதோடு நிற்கவில்லை. சுருள் கழுவும் கூடத்தையும் இரண்டு திரையரங்குகளையும் அது உடன் கொண்டிருந்தது.

தென்னகத்தில் இதற்கு இணை சொல்ல வேண்டின் இரகுபதி வெங்கையாவைச் சொல்லலாம். மசூலிப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் ஒளிப்படத் தொழில் நடத்திய அவர், ஊர் ஊராகப் படம் காட்டிய பின்னர் கெயிட்டி முதலான அரங்குகளைக் கட்டினார். அவர் மகன் இரகுபதி பிரகாஷ் அயல்நாடு சென்று தொழில் கற்று வந்து படம் எடுக்கலானார். சாமிக்கண்ணு வின்சென்ட்டும் முதலில் ஊர் சுற்றிப் படம் காட்டி, பிறகு அரங்கம் கட்டி, 1930களில்தான் படத் தயாரிப்பில் இறங்கினார். காட்டுபவர் எடுப்பவராவதே தென்னாட்டு வழி. கங்கூலியோ எடுப்பவராக இருந்து காட்டுபவரானவர். அரங்கம் அவருக்கு வாணிகத்தின் தொடக்கமன்று. தம் படத்தைக் காக்கும் அரண். இவ்வேறுபாடு சிறியதுபோல் தோன்றினும் பின்விளைவு பெரிது. அரங்கத்தை முதலாகக் கொண்டவர் ஒரு படம் தடுக்கப்பட்டால் மற்றொன்றை ஓட்டிப் பிழைப்பார். கங்கூலியின் ஏற்பாட்டில் அரங்கமும் படமும் ஒருவர் ஊரில் இருத்தலைப் பற்றியே நின்றன.

லோட்டஸ் படங்கள்

1922, 1923 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இக்கம்பெனியின் பெயரில் வந்த படங்களாக ‘ஹர கௌரி’, ‘இந்திரஜித்’, ‘லேடி டீச்சர்’, ‘விமாதா’, ‘மேரேஜ் டானிக்’, ‘சிந்தாமணி’, ‘யயாதி’, ‘சதி சிமந்தினி’ ஆகியவை குறிக்கப்படுகின்றன. பெயர்களைக் கொண்டே இவற்றை இரு கூறாக்கலாம். ஹர கௌரி, இந்திரஜித், யயாதி, சிமந்தினி என்பன புராண இதிகாசக் கதைகள். லேடி டீச்சர், மேரேஜ் டானிக், மாற்றாந்தாய் என்று பொருள்படும் விமாதா என்பன சமூகக் கதைகளின் பெயர்கள். பெண் ஆசிரியை என்பவர் புதுமையாகக் கருதப்பட்ட காலத்தில் அப்பெயரையே படத்துக்குச் சூட்டியவர், பிலாத் பேரத்தை எடுத்தவரே என்பதில் வியப்பில்லை.

சிந்தாமணி என்னும் பெயர் தமிழர்க்கு வேறொரு நினைவைத் தரும். பில்வமங்களன் கதையில் வரும் கணிகையின் பெயர் அது. அக்கதையைத் தழுவித் தமிழில் 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’, எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழை உறுதி செய்தது. அப்படத்தில் கிடைத்த ஆதாயத்தைக் கொண்டு மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு திரையரங்கு எழுப்பப்பட்டது. படம் ஈட்டிய பொருள் அரங்கமாக மாறி அப்பெயரை ஊருக்குள் நிறுத்திற்று. பின்னாளில் அவ்வரங்கும் மூடப்பட்டது எனினும் அதற்குள் இரண்டு தலைமுறையினர் அப்பெயரைச் சொல்லி வழி கேட்டுவிட்டனர். லோட்டஸின் சிந்தாமணிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

1924ஆம் ஆண்டின் ஆணை

1924இல் கங்கூலி தம் அரங்கில் ‘ரசியா பேகம்’ என்னும் படத்தைத் திரையிட்டார். அது லோட்டஸ் எடுத்ததன்று; பம்பாயில் எடுக்கப்பட்டது. முஸ்லிம் இளவரசி ஒருத்தி இந்து ஒருவனைக் காதலிப்பதாக அமைந்த கதை. வரலாற்றில் ரசியா, இல்துத்மிஷ் என்னும் தில்லி சுல்தானின் மகள். 1236 முதல் 1240 வரை தில்லியில் தானே அரசிருந்தவள். அவளோடு சேர்த்துப் பேசப்பட்ட யாகூத் அபிசீனிய நாட்டவன், இந்து அல்லன். படத்தின் கதை வரலாற்றிலிருந்து வெகுதூரம் விலகியது என்பது வெளிப்படை. எனினும் சினம் விளைத்தது வரலாற்றுப் பிழையன்று என்பதும் வெளிப்படையே. நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் சீற்றங்கொண்டார். கங்கூலி சமஸ்தானத்தை விட்டு வெளியேற வேண்டுமென ஆணை பிறந்தது. அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். லோட்டஸ் கம்பெனியின் கதை அத்துடன் முடிந்தது.

அவ்வாண்டின் சூழலையும் கருதுதல் வேண்டும். கிலாபத் இயக்கம் தளர்ந்து, இந்தியாவின் பல நகரங்களில் இந்து முஸ்லிம் பூசல்கள் வெடித்த காலம் அது. சமஸ்தானத்துக்குள்ளேயே குல்பர்காவில் 1924இல் கலகம் மூண்டது. அரசர் முஸ்லிம், குடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள் என்றிருந்த நாட்டில் அத்தகைய காதற்கதை எரிகிற தீயில் நெய் என்று அரசு கருதியிருந்தால் அக்கருத்தை முற்றும் தள்ளிவிட முடியாது. படத்தைத் தடுப்பது ஒன்று. எடுத்தவரும் அல்லாத, காட்டியவரை ஊரை விட்டே அகற்றுவது வேறொன்று. இங்கேதான் சமஸ்தான ஆட்சிக்கும் ஆங்கில ஆட்சிக்கும் இருந்த வேறுபாடு புலனாகிறது.

ஆங்கில இந்தியாவில் 1918ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டத்தின்படி 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அச்சட்டம் மக்களின் உரிமையைக் காக்க எழுந்ததன்று. அரசின் அச்சத்தில் பிறந்தது. ஆயினும் அதற்கு ஒரு பயன் இருந்தது. சான்றிதழ் பெற்ற படத்தைக் காட்டியவர் குற்றவாளி ஆகமாட்டார். 1921இல் பம்பாயில் எடுக்கப்பட்ட ‘பக்த விதுரர்’ இதற்கு எடுத்துக்காட்டு. விதுரராக நடித்தவர் காந்தியடிகளின் தோற்றத்தை நினைவூட்டும்படி வந்ததால் அப்படம் கராச்சியிலும் சென்னையிலும் தடை செய்யப்பட்டது. தடுக்கப்பட்டது படமே. பம்பாயில் எடுத்தவர்கள் தொடர்ந்து படமெடுத்தனர். சென்னையின் அரங்குகள் தொடர்ந்து நடந்தன. சமஸ்தானத்திலோ பம்பாய்த் தணிக்கையாளரின் சான்றிதழுக்கு நிஜாமின் விருப்புக்கு முன் யாதொரு மதிப்பும் இல்லை. அரசரின் ஆதரவால் வந்த தொழில் அரசரின் சினத்தால் போயிற்று. முறையீட்டுக்கு இடமில்லாத ஆதரவு அது.

ஐதராபாத் வரலாற்றில் இது முதல் நிகழ்ச்சியும் அன்று. கங்கூலிக்கு 40 ஆண்டு முன்னர் மற்றொரு வங்காளியார் இதே முறையில் வெளியேற்றப்பட்டார். பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்தின் தலைவரும் சரோஜினி நாயுடுவின் தந்தையுமான அகோரநாத் சட்டோபாத்தியாயர் அவர். சாந்தா இருப்புப்பாதைத் திட்டத்தின் வரவு செலவை மக்கள் முன் வைத்துப் பேசவேண்டுமென்று கிளர்ச்சி செய்ததற்காக 1883இல் அவர் நாடு கடத்தப்பட்டார். பின்னர்த் திரும்ப அழைக்கப்பட்டுப் பணியிலும் அமர்ந்தார். ஆசிரியர் ஒருவர் சில ஆண்டு கழித்து வந்தாலும் தம் வகுப்பை மீண்டும் தொடங்கலாம். படப்பிடிப்புக் கூடம் அவ்வாறன்று. கருவிகள், கலைஞர், கடன், காட்சி உரிமை எல்லாம் ஒரு கட்டுக்கோப்பில் நிற்பவை. ஒரு பருவம் கலைந்தால் மீளக் கூடுவதில்லை. அகோரநாதரின் மகனும் ஐதராபாத்தில் பிறந்தவருமான ஹரீந்திரநாத் பின்னாளில் சத்யஜித் ராயின் படங்களில் நடித்துப் பெயர் பெற்றார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆனால் அதுவும் கல்கத்தாவில்தான்.

ஆணை மட்டுமே காரணமா?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். லோட்டஸ் நிலைத்திருந்தால் தென்னிந்தியப் படவுலகின் தலைநகர் ஐதராபாத்தாக இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

முதற்காரணம், தெலுங்கு மக்களின் ஒரு பெரும் பகுதி நிஜாம் ஆட்சியில் இல்லை. கிருஷ்ணா, கோதாவரி மாவட்டங்களும் இராயலசீமையும் சென்னை மாகாணத்தைச் சார்ந்தவை. தெலுங்கு நாடகக் குழுக்களும், பதிப்பகங்களும், படத்துக்குப் பொருளீடு செய்யக்கூடிய செல்வரும் அப்பகுதியினரே. அவர்களுக்குத் தலைநகர் சென்னை. இரண்டாவது காரணம், ஒலி. 1931 மார்ச்சில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ பேசியது. அதே ஆண்டு அக்டோபர் 31இல் சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் டி. பி. இராஜலட்சுமி தமிழிலும் கதைத் தலைவன் தெலுங்கிலும் பேசினர். அதனை இயக்கிய எச். எம். ரெட்டி அடுத்த ஆண்டே முழுத் தெலுங்குப் படமாகிய ‘பக்த பிரகலாதா’வைத் தந்தார். இவ்விரு படங்களும் பம்பாயில் பிடிக்கப்பட்டவை. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள சீனிவாசா சினிடோன் கூடத்தை அமைத்தபின் தமிழரும் தெலுங்கரும் அங்கேயே படமெடுக்கலாயினர். ஒலி வந்ததும் ஐதராபாத் நகரத்தின் பன்மொழித் தன்மை வலிமையாக இராமல் தடையாயிற்று. நகரத்தின் உருதுச் செவிக்குப் பம்பாய்ப் படங்கள் போதுமானவையாக இருந்தன. தெலுங்குச் செவிக்குச் சென்னைப் படங்கள் வந்தன. சொந்தமாகப் படமெடுக்கும் தேவையே எழவில்லை.

எனவே 1924ஆம் ஆண்டின் ஆணை ஐதராபாத்திடமிருந்து தலைநகர்ப் பதவியைப் பறித்தது என்பது மிகை. அது பறித்தது வேறொன்று. ஒரே கூடத்திலிருந்து ஐந்து மொழியினருக்கும் படம் தரக்கூடியதாக இருந்த காலம் 1931 வரைதான். அந்த ஏழாண்டில் ஒரு கம்பெனி வேர்விட்டிருந்தால், ஒளிப்பதிவும் ஒப்பனையும் சுருள் கழுவலும் அறிந்த ஒரு தலைமுறைத் தொழிலாளர் அந்நகரில் உருவாகியிருப்பர். ஒலி வந்தபோது அவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் உருவாகாமையால், 1956க்குப் பின் சாரதி ஸ்டூடியோவும் 1976இல் அன்னபூர்ணா ஸ்டூடியோவும் எழுந்தபோது, கைத்திறன் எல்லாம் சென்னையிலிருந்தே கொண்டுவரப்பட வேண்டியதாயிற்று. தமிழகத்துக் கலைஞர் பலர் ஐதராபாத்தில் மாதக்கணக்கில் தங்கிப் பணிபுரிந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது. 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. இரங்காச்சாரியார் தலைமையில் இந்தியத் திரைப்பட நிலையை ஆராயக் குழு அமைக்கப்பட்டபோது 353 பேர் அதன்முன் சான்று கூறினர். உள்நாட்டுத் தயாரிப்பு வளர வழி யாது என்பதே அங்குப் பெரும் பேச்சு. அந்நாளில் லோட்டஸ் மூடப்பட்டு மூன்றாண்டு ஆகியிருந்தது.

மகாலும் கொட்டகையும்

படமெடுக்காத நகரம் அரங்கு கட்டுவதில் பின்தங்கவில்லை. அவ்வரங்குகளுக்கு இட்ட பெயர்கள் மொழியாராய்ச்சி செய்வோர்க்குச் சுவை பயக்கும். மோத்தி மகால், ஜமருத் மகால் என முத்தும் மரகதமும் அரண்மனைகளாக அமைந்த பெயர்கள் ஒருபுறம். தில்ஷாத் டாக்கீஸ், ராயல் டாக்கீஸ், பசந்த் டாக்கீஸ் எனப் பேசும்படம் வந்த பெருமையைப் பறைசாற்றும் பெயர்கள் மறுபுறம். தமிழில் இதே பொருளுக்கு மக்கள் வழங்கிய சொல் கொட்டகை. மூங்கிலும் கீற்றும் வேய்ந்த தற்காலிகக் கூரையைக் குறித்த சொல், நாடகக் கொட்டகை வழியாக வந்து, பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் உள்ள கட்டடத்துக்கும் ஆயிற்று. ஐதராபாத்தார் அரங்கத்தை அரண்மனையாக நினைத்துப் பெயரிட்டனர்; தமிழர் அரண்மனை போன்ற அரங்கத்தையும் கொட்டகை என்றே அழைத்தனர். ஒன்று அரசவையின் நிழலில் வளர்ந்த பொழுதுபோக்கு. மற்றொன்று திருவிழாத் திடலில் வளர்ந்தது. இரு நகரங்களின் இயல்பும் இச்சொற்களில் தங்கியிருக்கின்றன எனல் தவறாகாது.

பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் இரு நாட்டிலும் இருந்தது. ஐதராபாத்தில் அது திரைச்சீலையால் மறைத்த பகுதியாக இருந்தது. முகத்தை மறைத்து வந்த பெண்டிர் வெளியாரின் கண் படாமல் அங்கிருந்து படம் கண்டனர். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. ஒருமுறை பற்றினால் நீரால் அவிப்பதும் அரிது. மோத்தி மகாலில் 1936இல் தீப்பற்றியபோது பெண்கள் உயிரிழந்தனர். மறைவிடம் கருதிக் கட்டிய பகுதி வெளியேறுவதற்கு ஏற்றதாக இல்லாமற் போவது அக்காலக் கட்டடங்களில் பொதுவான குறை.

அரண்மனைப் பெயர் தாங்கிய அரங்குகளும் டாக்கீசுகளும் பின்னர் ஒவ்வொன்றாக மறைந்தன. 2000க்குப் பின் நிலத்தின் விலை ஏறி, ஒரே கட்டடத்தில் பல திரைகள் அமைக்கும் முறை பரவியபோது செகந்திராபாத்தில் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர் பெற்ற சங்கீத் போன்றவையும் இடிக்கப்பட்டன. சென்னையில் இரகுபதி வெங்கையாவின் கெயிட்டிக்கும் கோயம்புத்தூரில் பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறிய வெரைட்டி ஹாலுக்கும் நேர்ந்த முடிவும் இதுவே. கோயம்புத்தூரில் ஒரு தெருவும் ஒரு காவல் நிலையமும் வெரைட்டி ஹாலின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. உசேன் சாகர்க் கரையில் 1920இல் எழுந்த அனல்மின் நிலையம் 1990களில் இடிக்கப்பட்டது. அப்பகுதியில் 2003இல் ஐமாக்ஸ் திரையோடு கூடிய பிரசாத் அரங்கம் திறக்கப்பட்டது.

எஞ்சியவை

கல்கத்தாவில் கங்கூலி மீண்டும் எழுந்தார். 1929இல் பிரிட்டிஷ் டொமினியன் படக் கம்பெனியைத் தொடங்கினார். தேவகி போஸ், பிரமதேஷ் பரூவா ஆகிய இருவரும் அங்கே திரைத்தொழிலில் அடியெடுத்து வைத்தவர்கள். ஒலிப்படம் அக்கம்பெனியையும் சாய்த்தது. பின்னர் நியூ தியேட்டர்ஸ் முதலான நிறுவனங்களில் நகைச்சுவைப் படங்கள் பல இயக்கினார். 1974இல் பத்மபூஷண் விருதும் 1975ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் பால்கே விருதும் பெற்று 1978இல் மறைந்தார். வங்கத் திரைப்பட வரலாறு அவரைத் தன் மூதாதையருள் ஒருவராகப் போற்றுகிறது. ஐதராபாத்தோ தன் திரைப்பட வரலாற்றைத் தெலுங்குப் பேசும்படத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரு வங்காளியார் எடுத்த மௌனப்படங்களுக்கு மொழியடிப்படையில் எழுதப்படும் வரலாறுகளில் இடம் கிடைப்பது கடினம். தெலுங்கர்க்கு அவர் அயலார். வங்காளியர்க்கு ஐதராபாத் அவர் வாழ்வில் ஓர் இடைவேளை. இரண்டு வரலாறுகளுக்கும் நடுவே லோட்டஸ் விழுந்துவிட்டது.

லோட்டஸ் படங்களுள் ஒன்றையேனும் இன்று திரையில் காண்பதற்கில்லை. இது அக்கம்பெனிக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1300 மௌனப்படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் அமைந்தது 1964இல்தான். அதற்குள் பெரும்பாலான சுருள்கள் மக்கியோ எரிந்தோ போயின. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக விற்கப்பட்டவையும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் அரங்கம் ஒரு படத்துக்கு இயல்பான காப்பிடமாகும். மீண்டும் திரையிடலாம் என்னும் நம்பிக்கையே சுருளைப் பாதுகாக்கத் தூண்டும். தன் இரண்டு அரங்குகளையும் ஒரே நாளில் இழந்த கம்பெனிக்கு அந்த வாய்ப்பும் இல்லாது போயிற்று.

எனினும் தேடல் முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. மதன் கம்பெனி 1919இல் எடுத்த ‘பில்வமங்கள்’ முற்றாக அழிந்ததாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதன் ஒரு பகுதி பாரிஸ் நகரக் காப்பகம் ஒன்றிலிருந்து 2016இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஐதராபாத்தில் தார்னாக்காவிலுள்ள அரசு ஆவணக் காப்பகம் நிஜாம் காலத்து ஆணைகளையும் துறைக் கோப்புகளையும் பேணி வருகிறது. அவற்றிற் பெரும்பாலானவை உருதுவிலும் பாரசீகத்திலும் அமைந்தவை. சுரவரம் பிரதாப ரெட்டியின் ‘கோல்கொண்டா பத்திரிகை’ தொடங்கப்பெற்றது கங்கூலி சென்றபின், 1926இல். ஆகவே தெலுங்கு இதழ்களைக் காட்டிலும் ‘முஷீர்-இ-தக்கன்’, ‘ரஹ்பர்-இ-தக்கன்’ ஆகிய உருது நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களும் செகந்திராபாத்தின் ஆங்கிலப் பாளையப் பதிவுகளும் இவ்வாய்வுக்கு மிகுதியும் உதவக்கூடியவை. உருது கற்ற திரைப்பட ஆய்வாளர் ஒருவர் 1922 முதல் 1924 வரையிலான அப்பக்கங்களைப் படிப்பாராயின் முதலில் தேட வேண்டுவது படங்களின் பெயரையன்று. இரண்டு அரங்குகளின் பெயரையும் அவை நின்ற தெருவையும்.